நாலாம் நம்பரில் முத்து போட்ட எட்டு நாள்

போன மாதம் என் நாற்காலிக்கு வந்திருக்கும் புது மேனேஜர் போன் செய்தார். ஹோட்டல் நிர்வாகம் படித்துவிட்டு வந்தவர். என்னைப் போல் பஸ் ஸ்டாண்டில் சும்மா நின்றுகொண்டிருந்தவனை முதலாளி கூப்பிட்டு உட்காரவைத்த கதை இல்லை. லாட்ஜில் எல்லா அறைக்கும் ஸ்பிரிங் மெத்தை போடப்போகிறார்களாம். நாலாம் நம்பரில் மட்டும் நாடாக் கட்டிலை எடுக்கக் கூடாது என்று முதலாளியம்மா சரோஜாம்மா ஒரே பிடியாக நிற்கிறார்களாம். காரணம் கேட்டால் "ஏகாம்பரத்தக் கேளு" என்று வாட்ஸப்பில் குரல் அனுப்பிவிட்டார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னார்களா, கோபமாகச் சொன்னார்களா என்று கேட்டேன். பின்னால் மிக்சி ஓடியது சார், ஒன்றும் தெரியவில்லை என்றார்.

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். லாட்ஜின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

எங்கள் லாட்ஜ் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்துவிடும் தூரம். எட்டு அறை. கீழே ஐந்து, மாடியில் மூன்று. பின்கட்டில் முதலாளி குடும்பம். அவர்கள் வீட்டுச் சமையல்தான் லாட்ஜுக்கும். காலையில் அவர்கள் வீட்டில் இட்லி என்றால் எட்டு அறையிலும் இட்லி. அவர்கள் வீட்டில் யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் எட்டு அறையிலும் கஞ்சி.

வருகிறவர்கள் மூன்று வகை. பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள், மாகறலுக்குப் போகிறவர்கள், கல்வெட்டு பார்க்கிறவர்கள். மாகறல் சிவன் எலும்பு நோவைத் தீர்ப்பார் என்று பேர். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குகிற எல்லோரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழ் அறைதான் வேண்டும் என்பார்கள். கல்வெட்டுக்காரர்கள், இந்த ஊரில் அந்தக் காலத்திலேயே குடத்தில் ஓலை போட்டுத் தேர்தல் நடத்தினார்கள் என்று எனக்கே விளக்குவார்கள். நானும் புதிதாகக் கேட்பது போலத் தலையாட்டுவேன். எங்கள் லாட்ஜில் ஓட்டு ஒன்றே ஒன்றுதான். அது சரோஜாம்மாவுடையது.

என் பயிற்சி ஒரே காலைப்பொழுதில் முடிந்தது. முதலாளி, அதாவது சரோஜாம்மாவின் வீட்டுக்காரர், சாவி மாட்டும் ஆணிகளைக் காட்டினார், பதிவு நோட்டைக் காட்டினார், வெந்நீர் பாய்லரைக் காட்டினார். மறுநாள் காஞ்சிபுரத்தில் ஏதோ வேலை என்று போய்விட்டார். மானாம்பதியில் அப்பாவோடு நாற்று நட்டுக்கொண்டிருந்தவன் அன்றே மேனேஜர் ஆனேன். ஆனால் நாலாம் நம்பர் அறையைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

அதன் கதை இது. முதலாளியும் அவர் அண்ணனும் பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்தபோது சாமி இருக்கிற சுவர் முதலாளியின் பங்கில் வந்தது. சாமி என்றால் பூவாடைக்காரி. அந்தக் குடும்பத்தில் என்றைக்கோ சுமங்கலியாகச் செத்துப்போன மருமகள். எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களில் இப்படி ஒருத்தி உண்டு. வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் புடவை வைத்துப் படைக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணம் விளங்காது. வீட்டை லாட்ஜாக மாற்றியபோது அந்தச் சுவர் நாலாம் நம்பர் அறைக்குள் போய்விட்டது. சுவரைப் பெயர்த்துப் பின்கட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கீழ் அறை ஒன்றைப் பூட்டிவைக்க முதலாளிக்கு மனம் வரவில்லை. ஆகவே அறைக்கு ஆளும் வருவார்கள், சாமியும் இருப்பாள் என்று ஏற்பாடு.

நாலாம் நம்பருக்குச் சாவி கொடுப்பதற்கு முன் நான் ஒப்பிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தெற்குச் சுவர் பக்கம் காலை நீட்டக் கூடாது. அறைக்குள் கறி, முட்டை கூடாது. கொசுமருந்து, பூச்சிமருந்து எதுவும் அடிக்கக் கூடாது, அவளுக்கு நெடி ஆகாது. மாலை ஆறு மணிக்கு நான் கதவைத் தட்டி "விளக்கு" என்பேன். உடனே சட்டை போட்டுக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கி நிற்க வேண்டும். சரோஜாம்மா விளக்கோடு உள்ளே வந்து ஏற்றிவைத்து, கண்ணை மூடி, அன்றைய வீட்டுச் சேதியெல்லாம் சுவரிடம் சொல்லிவிட்டுப் போவார். ஒரு சரித்திர வாத்தியார் தேசிய கீதத்துக்கு நிற்பது போல விறைப்பாக நிற்பார். புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று அம்மா காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டது. இன்னொருத்தர் அடுத்த தடவை மாடி அறை கிடைத்தபோது, ஆறு மணி ஆகியும் விளக்கு வரவில்லையே என்று கீழே வந்து என்னிடம் சண்டை பிடித்தார்.

சரோஜாம்மா யாரையும் திட்டமாட்டார். முதலாளி காலமான பிறகு மொத்தப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தபோதும் அப்படித்தான். ஏதாவது குறை என்றால் என் மேஜைக்கு வந்து, தாழ்ந்த குரலில், "நாலாம் நம்பர்ல அவங்க கேக்குறாங்க ஏகாம்பரம், மாடிக் குழா ஏன் சொட்டிக்கினே கீதுன்னு" என்பார். நானும் பிளம்பருக்குச் சொல்லிவிட்டதாக அவங்களிடம் சொல்லிவிடுங்கள் என்பேன். அம்மா போய்ச் சொல்லிவிட்டு வருவார். காலி செய்யாத, சாப்பிடாத, தினமும் புகார் மட்டும் சொல்கிற ஒரு விருந்தாளியை வைத்துக்கொண்டு முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன்.

இன்னொரு விதியும் இருந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் இந்தக் கதை நகராது. மேரி என்று ஒருத்தி. மற்ற ஏழு அறையையும் பெருக்கித் துடைப்பவள், எட்டு அறைத் துணியையும் துவைப்பவள். காலனியிலிருந்து வருவாள். நாலாம் நம்பருக்குள் மட்டும் அவள் வரக் கூடாது. அதை அம்மாவோ அவர் மகள் பவானியோ பெருக்கிக்கொள்வார்கள். மேரி வேறு சாமி கும்பிடுகிறவள், அதனால்தான் என்று காரணம் சொல்வோம். அது மட்டும் காரணம் இல்லை என்று மேரிக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவள் வாசலில் நிற்பாள், நான் உள்ளேயிருந்து அழுக்குத் துணியை நீட்டுவேன். வேலை அவசரத்தில் சில நாள் ஒரு அடி முன்னால் வைத்துவிடுவாள். "மேரி, நில்லு" என்பேன். அதட்டமாட்டேன், சாதாரணமாகத்தான் சொல்வேன். இருபது வருஷம் அப்படிச் சாதாரணமாகச் சொன்னேன்.

மேரி உள்ளே வர முடியாததால் நாலாம் நம்பர் மெத்தை என் தலையில் விழுந்தது. அமாவாசைக்கு அமாவாசை எல்லா மெத்தையையும் மொட்டை மாடியில் வெயில் காட்டி, தட்டி, தையலைப் பார்க்க வேண்டும் என்பது முதலாளி வைத்துவிட்டுப் போன பழக்கம். ஏழு மெத்தையை மேரி பார்த்துக்கொள்வாள். எட்டாவது என் பொறுப்பு. இலவம்பஞ்சு மெத்தை, நல்ல கனம். ஒரு அமாவாசையன்று எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மெத்தையை விட்டுவிட்டு, நோட்டில் மட்டும் "வெயில் காட்டப்பட்டது" என்று எழுதிவைத்தேன். அடுத்த அமாவாசைக்குள் இடுப்பு சரியாகிவிட்டது. ஆனால் தூக்குவதைவிட எழுதுவது சுலபம் என்று தெரிந்துபோயிருந்தது. இப்படி ஐந்து அமாவாசை.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்பு, ஆனி மாதம் நடந்தது இது. பவானிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர், நான் வேலைக்கு வந்த பிறகு பிறந்த குழந்தை, என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். மாப்பிள்ளை தாமல்காரர். மஸ்கட்டில் வேலை, லீவில் வந்திருந்தார். முகூர்த்தம் ஆனி முடிவதற்குள் ஒரு ஞாயிறு. அதற்கு முந்தின வெள்ளி, நாலாம் நம்பரில் பூவாடைக்காரிக்குப் படையல். இந்த முகூர்த்தத்தை விட்டால் ஆடி வந்துவிடும், மாப்பிள்ளையும் விமானம் ஏறிவிடுவார்.

படையலுக்குப் பத்து நாள் இருக்கும்போது நாலாம் நம்பரில் சபாபதி என்பவர் இருந்தார். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். முழங்கால் வலிக்கு மாகறலுக்கு வேண்டிக்கொண்டு, ஞாயிறு வந்தார், திங்கள் சாமி பார்த்தார். செவ்வாய் மாலை அம்மா விளக்கோடு போனபோது சட்டை போட்டுக்கொண்டிருந்தார். கை, முதுகு, கழுத்து எங்கும் சிவந்த தடிப்பு.

"ஒரே அரிப்புங்க" என்று சபாபதி சொன்னதுதான் தாமதம், அம்மா விளக்கைக் கீழே வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அரிப்புன்னு சொல்லக் கூடாது நைனா. ஆத்தா வந்துகீறா. முத்து போட்டுகீறா" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், அம்மை வந்தால் நோய் என்று சொல்லமாட்டோம். மாரியாத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்போம். வந்தவளைப் போகச் சொல்ல முடியாது. முத்து காய்ந்து இறங்கிய பிறகு, ஒற்றைப்படை நாள் பார்த்து மூன்று தடவை வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி அனுப்பிவைக்க வேண்டும். அதுவரை வீட்டில் நல்ல காரியம் கூடாது, தாளிக்கக் கூடாது, யாரும் யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. மறுநாளை முதல் நாளாக வைத்து அம்மா விரல்விட்டு எண்ணினார். இரண்டு நாளில் முத்து இறங்கினால் அடுத்த வார வியாழனுக்குள் மூன்று தண்ணியும் முடியும், வெள்ளி படையல் வைத்துவிடலாம். சரியாக வந்தது.

அன்றிலிருந்து எங்கள் லாட்ஜ் மாரியம்மன் கோயில் ஆனது. வாசலில் வேப்பிலைத் தோரணம். சபாபதியின் மெத்தைமேல் வேப்பிலை பரப்பி, அதன்மேல் வெள்ளை வேட்டி. மூன்று வேளையும் கூழும் இளநீரும். எட்டு அறைக்கும் ஒரே சமையல் என்பதால் எட்டு அறைக்கும் தாளிக்காத சாம்பார். காலை நாஷ்டாவுக்குச் சட்னியில் கடுகு இல்லை என்று கேட்டவர்களிடம் மாரியாத்தா வந்திருக்கிறாள் என்று சொன்னேன். பாதிப் பேர் எழுந்து கும்பிட்டார்கள், பாதிப் பேர் எழுந்து காலி செய்தார்கள். காலி செய்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டியிருந்ததால் இரண்டு சாவி அவர்களோடு போய்விட்டது.

அம்மாவுக்கு வேறொரு கவலையும் இருந்தது. ஏற்கெனவே அந்த அறையில் பூவாடைக்காரி இருக்கிறாள், இப்போது மாரியாத்தாவும் வந்திருக்கிறாள். "ரெண்டு பொம்பளைங்க ஒரே ரூம்ல இன்னா பண்ணிக்கினு இருப்பாங்களோ" என்று என்னிடம் புலம்பினார். மாரியாத்தாவுக்குத் தனி அறை கொடுக்கலாமா என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

சபாபதி முதல் நாள் பயந்துதான் போனார். தடிப்புகளைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டார். கரூரிலிருந்து எல்லோரும் கும்பிடுகிற கைகளாக அனுப்பிவைத்தார்கள். அதன் பிறகு அவருக்கு ஒரு தெளிவு வந்துவிட்டது. பஸ் பாடியில் ஆணி அடித்த மனிதனை வாழ்நாளில் யாரும் வேப்பிலையால் விசிறியது இல்லை. மூன்றாம் நாள் பஜாரிலிருந்து பெண்கள் வந்து வாசலில் விழுந்து கும்பிட ஆரம்பித்தார்கள். என் பெண்ணுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று ஒருத்தி கேட்டாள். "ஆவுமுங்க, பொறுங்க" என்றார் சபாபதி. மோட்டார் சத்தம் காதைக் குடைகிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதற்கு, ஆத்தாவே கேட்டுவிட்டாள் என்று அம்மா மோட்டாரை நிறுத்திவிட்டார். மாடி அறைகளுக்கு நான் குடத்தில் தண்ணீர் சுமந்தேன்.

முத்து மட்டும் இறங்கவில்லை. ஒவ்வொரு காலையும் பழைய தடிப்பு வாடியிருக்கும், பக்கத்திலேயே புதுசாக ஐந்தாறு முளைத்திருக்கும். அம்மா இன்னும் கொஞ்சம் வேப்பிலையைப் பரப்பி, ஆத்தாவை அசையாமல் அதே மெத்தையில் படுக்கவைப்பார். மறுநாள் இன்னும் பத்து.

நாலாம் நாள் வேட்டியைத் துவைக்க எடுத்த மேரி, துவைக்கிற கல்லிலிருந்து நேராக என் மேஜைக்கு வந்தாள். வேட்டியைப் பிரித்துக் காட்டினாள். சின்னச் சின்னக் கருஞ்சிவப்புப் பொட்டுகள்.

"சார், இது அம்மை இல்ல. மூட்டப்பூச்சி நசுங்குன கறை" என்றாள்.

ஐந்து அமாவாசையும் வரிசையாகக் கண்முன்னால் வந்து நின்றன. வெளியே சொன்னால் லாட்ஜ் பேர் நாறிவிடும், என் பொய்யும் வெளியே வந்துவிடும். ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கிறபோது எங்கே போவேன்? சும்மா இரு மேரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் வேட்டியை மடித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் வாயை அடைத்தது எனக்கு அன்றைக்குத் தவறாகவே படவில்லை, அதுதான் இன்று நினைத்தால் சுடுகிறது.

நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இது. மெத்தையை மாற்றலாம் என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னேன். ஆத்தா படுத்திருக்கிற மெத்தையை உருவுவாயா என்று கேட்டார். கட்டிலுக்கு அடியில் ரசகற்பூர உருண்டை போட்டேன். மாலையில் அம்மா வந்து, இன்னா நாற்றம் என்று நாலாம் நம்பரில் அவங்க கேட்பதாகச் சொன்னார். அதையும் பொறுக்கி எடுத்தேன். டாக்டரைக் கூப்பிடலாம் என்று பவானி சொல்லிப்பார்த்தாள். ஆத்தாவுக்கு ஊசி போடச் சொல்கிறாயா என்று அவளுக்குத்தான் வசவு.

எட்டாம் நாள், புதன்கிழமை. விஷயம் தாமல்வரை போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா வள்ளியம்மா வந்து கூடத்தில் உட்கார்ந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அதற்கு முன்பே பவானி என் மேஜையருகே வந்து நின்றிருந்தாள். அழவில்லை. கல்யாணம் தள்ளிப்போனால் மாப்பிள்ளை காத்திருப்பாரா என்று நான் கேட்டேன்.

"அவரு காத்துக்கினு இருப்பாரு மாமா. அவங்க அம்மா இருக்க உடமாட்டாங்க" என்றாள்.

வள்ளியம்மா கோபமாக ஒன்றும் பேசவில்லை. ஆத்தா வந்த வீட்டில் மேளம் கொட்டக் கூடாது, பிள்ளை மஸ்கட் போய்விட்டு இரண்டு வருஷத்தில் வருவான், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் பவானியின் புடவை நுனி மட்டும் தெரிந்தது. நான் எழுந்து போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன்.

"அது அம்மை இல்லம்மா. மூட்டப்பூச்சி. அஞ்சு மாசமா நான் அந்த மெத்தய வெயில்லயே போடல. எல்லாம் என் தப்பு" என்றேன்.

வள்ளியம்மா சரோஜாம்மா பக்கம் திரும்பினார்.

"நல்ல ஆளத்தான் வெச்சிக்கினு கீறீங்க சம்மந்தி. உங்க வூட்டு கல்யாணத்துக்காகத் தன் மேலயே பழியப் போட்டுக்கிறாரு பாருங்க."

சரோஜாம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் தடவையாக வாயைத் திறந்து உண்மையைச் சொல்கிறேன், அதை விசுவாசம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஓடிப்போய் மெத்தை நோட்டை எடுத்துவந்து பிரித்துக் காட்டினேன். ஐந்து அமாவாசைக்கும் நேராக, என் குண்டு குண்டான கையெழுத்தில், வெயில் காட்டப்பட்டது, வெயில் காட்டப்பட்டது. வள்ளியம்மா கண்ணாடி போட்டு ஐந்தையும் படித்தார். இவ்வளவு ஒழுங்காக எழுதிவைத்துவிட்டு ஏன் இப்படிப் பொய் சொல்கிறீர்கள் என்று என்னையே கேட்டார். அது பொய், இது நிஜம் என்றேன். நான் பேசப் பேச அம்மாவுக்கு அழுகைதான் அதிகமானது.

முழி பிதுங்கி நின்றவன் கடைசியில், மேரியைக் கேளுங்கள் என்றேன். மேரி முற்றத்தில் வாளியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மூட்டைப்பூச்சியைப் பார்த்தாயா என்று வள்ளியம்மா கேட்டார்.

"துணியத்தாம்மா பாத்தேன். மெத்தயப் பாத்ததில்ல. அந்த ரூம்ல நான் கால் வெச்சதே இல்ல" என்றாள் மேரி.

எங்கள் வழக்கம் வள்ளியம்மாவுக்குத் தெரியாது. அதற்கென்ன, இப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்றார். மேரி நகரவில்லை. அம்மா தரையைப் பார்த்தார். மேரி என்னைப் பார்த்தாள்.

"சார்தான் தெனமும் மேரி நில்லுன்னு சொல்றவரு. அவரே கூப்டட்டும்."

நான் சரோஜாம்மாவைப் பார்த்தேன். அவர் சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் உத்தரவு இல்லாமல் நான் ஒரு வேலையும் செய்தது கிடையாது. நேராக நாலாம் நம்பருக்குள் போய் நின்றேன். "வா மேரி" என்றேன். இருமல் போலத்தான் வெளியே வந்தது.

மேரி வாளியைச் சுவரோரமாக வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள், பின்னாலேயே வள்ளியம்மாவும். அறை நடுவில் நின்று நாலு சுவரையும் பார்த்தாள். சாமி எங்கே என்று கேட்டாள். தெற்குச் சுவரைக் காட்டினேன். மஞ்சளில் மூன்று கோடு, நடுவில் குங்குமம், வாடிய மல்லிகைச் சரம். பார்த்துவிட்டு "ஓ" என்றாள்.

பிறகு கட்டிலில் இருந்த சபாபதியை எழுந்திருக்கச் சொன்னாள். எட்டு நாளாக அவரிடம் யாரும் அப்படிப் பேசாததால் அவர் திகைத்து எழுந்துவிட்டார். வேப்பிலையை ஒதுக்கி, மெத்தையின் ஓரத்தைத் திருப்பி, தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவித் தையல் நெடுக ஒரு இழுப்பு இழுத்தாள். வெள்ளை வேட்டிமேல் உதிர்ந்தன. ஒன்று இரண்டு இல்லை, நல்ல வளர்த்தியாக, ஐந்து அமாவாசை சாப்பிட்ட உடம்போடு நாலா பக்கமும் ஓடின. வள்ளியம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடைக்குப் போய் நின்றார்.

சபாபதி குனிந்து நெடுநேரம் பார்த்தார். "இதுங்கதானுங்களா" என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நடையில் நின்ற வள்ளியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் வீட்டிலும் போன வருஷம் வந்ததாம், வெளியே சொல்லவில்லையாம். "உள்ள போயி தண்ணி எத்துக்கினு வாம்மா பவானி, தாகமா கீது" என்றார். இரண்டு வருஷம் என்ற பேச்சு அந்தச் சொம்புத் தண்ணீரோடு போயிற்று. பவானி சொம்பைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் அழுத சத்தம் எனக்குக் கேட்டது. நானும் பாய்லர் பக்கம் போய் நின்று கொஞ்சம் அழுதேன்.

மெத்தையை ஏரிக்கரையில் வைத்துக் கொளுத்தினோம். வெள்ளிக்கிழமை படையல், ஞாயிறு கல்யாணம், இரண்டும் குறையில்லாமல் நடந்தன. சபாபதியை இரண்டாம் நம்பருக்கு மாற்றினோம். இரண்டே நாளில் தடிப்பு மறைந்துவிட்டது. ஆத்தா இறங்கிவிட்டாள் என்றுதான் கடைசிவரை சொன்னார். எட்டு நாள் படுத்தே இருந்ததில் முழங்கால் வலியும் போய்விட்டதால் மாகறல் சாமிக்கு நன்றி சொல்லிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

சரோஜாம்மா என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. கல்யாணம் முடிந்த அன்று மாலை மெத்தை நோட்டோடு நாலாம் நம்பருக்கு வரச் சொன்னார். "அஞ்சு அமாவாசயையும் அவங்க கிட்ட நீயே சொல்லு" என்றார். நான் சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டு சுவர் முன்னால் நின்று, தேதி தேதியாக ஐந்து பொய்யையும் படித்தேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இனி இந்த அறையில் மெத்தையே வேண்டாம் என்று அவங்க சொல்கிறதாகச் சொன்னார். நாடாக் கட்டில் வந்தது அப்படித்தான், தம்பி. உங்கள் கேள்விக்குப் பதில் இதோடு முடிந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அது நீங்கள் கேட்காதது.

கல்யாணத்துக்கு மறுநாள் அம்மா இன்னொன்றும் சொன்னார். பவானி தாமலுக்குப் போய்விட்டாள், தனக்கும் குனிய முடியவில்லை, இனிமேல் மேரியே நாலாம் நம்பரைப் பெருக்கட்டும் என்றார். எனக்கு ஒரே பெருமை. இருபது வருஷமாக இருந்த ஒன்றை நானே உடைத்துவிட்டது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். மேரி விளக்குமாற்றோடு மூன்றாம் நம்பரிலிருந்து வெளியே வந்தாள். இனிமேல் நீ நாலாம் நம்பருக்குள்ளும் போகலாம், அம்மாவே சொல்லிவிட்டார்கள் என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நின்றேன்.

மேரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்தினி வருசம் வாசல்ல நின்னதுக்கு எனக்குக் கெடச்சது இதானா சார்? பெருக்க இன்னொரு ரூமு?"

இருபது வருஷத்து வெட்கம் மொத்தமாக அந்த நிமிஷம்தான் வந்தது. கையை நீட்டி விளக்குமாற்றை அவளிடமிருந்து வாங்கினேன். வேண்டாம் சார், நானே பெருக்குகிறேன் என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை.